பாஸ் கிதாரும் அழையாத தம்புராவும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள சிற்றூர் ஒன்றில் மாரியம்மன் கோயில் பொங்கல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு ஏழு மணி. தெருவெங்கும் வண்ண விளக்குகள் எரிகின்றன. மெல்லிசைக் குழுவினர் மேடை ஏறிவிட்டனர். பாஸ் கிதார் வாசிப்பவர் தம் காலடியில் உள்ள சிறு பெட்டி ஒன்றை மிதிக்கிறார். அவர் இன்னும் தந்தியைத் தொடவில்லை. ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் எழுகின்றது. பிற்பகலில் ஒத்திகை பார்த்தபோது இது இல்லை. பெட்டியும் அதுவே, கிதாரும் அதுவே. பின் இந்த முனகல் எங்கிருந்து வந்தது?

காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டிகளுக்கு ‘எஃபெக்ட்ஸ் பெடல்’ என்று பெயர். கிதாரிலிருந்து வரும் மின்குறியை வாங்கி, அதன் உருவை மாற்றி, ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இவற்றின் வேலை. எந்தப் பெடலை வாங்குவது என்று கேட்காத இளைஞர் இல்லை. அந்தப் பெடலுக்கு எந்த மின்சாரத்தை ஊட்டுவது என்று கேட்பவர் சிலரே. பாஸ் கிதாரைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது. அதற்குரிய காரணம் இக்கருவியின் வரலாற்றிலும், நம் ஊர் மின்சாரத்தின் வரலாற்றிலும் ஒருங்கே அடங்கியுள்ளது.

தாழ்ந்த குரலுக்கு ஒரு கருவி

மேலைநாட்டு இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களை ஆளுயரமுள்ள டபிள் பாஸ் என்னும் கருவி இசைத்து வந்தது. அதைச் சுமந்து செல்வது கடினம். டிரம்ஸின் முழக்கத்தில் அதன் ஓசை அமுங்கிப் போகும். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், கிதாரைப் போல் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கத்தக்க மின் பாஸ் ஒன்றை உருவாக்கினார். ஆனால் அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பாஸ்’ என்ற கருவியே உலகெங்கும் பரவியது.

இதில் நான்கு தந்திகள். தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அடுத்தவை முறையே 55, 73, 98 முறை அதிர்கின்றன. நொடிக்கு ஓர் அதிர்வு என்பதே ஒரு ஹெர்ட்ஸ். இந்த எண்களை, குறிப்பாக 98 என்ற கடைசி எண்ணை, வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றுவது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த ‘பிக்கப்’ என்னும் உறுப்பு. ஒரு சுருள் தந்தியின் அசைவை மட்டும் கவர்வதில்லை. அருகிலுள்ள மின்கம்பிகளின் மாறுகின்ற காந்தப் புலத்தையும் கவர்ந்துவிடும். இதனால்தான் 1957இல் பிரிசிஷன் பாஸின் பிக்கப் இரு சுருள்களாகப் பிரிக்கப்பட்டது போலும். எதிரெதிராகச் சுற்றப்பட்ட அவ்விரு சுருள்களிலும் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றது; தந்தியின் குறி மட்டும் நிற்கின்றது.

பழுதில் பிறந்த ஓசை

கிதார் பெடல்களின் வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. உலகப் புகழ் பெற்ற முதல் ‘ஃபஸ்’ பெடல் பிறந்தது ஒரு பாஸ் கிதாரின் ஒலிப்பதிவில்தான்!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாடல் ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தது. கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பாஸ் கிதார் வாசித்தார். ஒலிக்கலவை மேசையின் ஒரு பிரிவு பழுதாகி, பாஸின் ஓசை கிழிந்த துணியைப் போல் வெளிவந்தது. அந்தப் பழுதான ஓசையை நீக்காமலே 1961இல் பாடலை வெளியிட்டனர். மக்கள் அதை விரும்பினர். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அமைத்தார். கிப்ஸன் நிறுவனம் 1962இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1965இல் ‘ரப்பர் சோல்’ இசைத்தட்டின் பாடல் ஒன்றில் ஃபஸ் பெடல் வழியாகப் பாஸ் வாசித்தார்.

பெடலுக்குள் நடப்பது என்ன? வளைவாக ஏறி இறங்கும் ஒலியலையின் உச்சியையும் அடியையும் சுற்று வெட்டிவிடுகின்றது. வெட்டப்பட்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் தோன்றுகின்றன. இதனால் பாஸுக்கு ஒரு தனி நன்மை உண்டு. நம் ஊர்த் திருவிழாக்களில் மரத்தில் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸ், 55 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுரங்களை எழுப்பவே இயலாது. ஆனால் மேற்சுரங்கள் அவற்றில் ஒலிக்கும். அவற்றைக் கேட்டு, இல்லாத மூலச் சுரத்தை நம் செவியும் மூளையும் தாமே இட்டு நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே சிறிதளவு வெட்டுண்ட ஓசை, ஊர்க் கோடியில் இருப்பவருக்கும் பாஸைக் கொண்டுசேர்க்கின்றது.

ஒன்பது வோல்ட்டு வந்த வழி

மேஸ்ட்ரோ பெடலுக்கு இரண்டு 1.5 வோல்ட்டு பாட்டரிகளே போதுமானவையாக இருந்தன. ஆனால் 1956ஆம் ஆண்டிலேயே, டிரான்சிஸ்டர் வானொலிகளுக்கென்று 9 வோல்ட்டு சதுரப் பாட்டரி வந்துவிட்டது. கைக்கு அடக்கமான அந்தப் பாட்டரியைப் பின்னர் வந்த பெடல் உற்பத்தியாளர்கள் எடுத்துக்கொண்டனர். இன்று பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் இயங்குவதற்கு இசை இலக்கணம் எதுவும் காரணமன்று. வானொலிப் பாட்டரியே காரணம்.

பாட்டரி தருவது ஏற்ற இறக்கமற்ற நேர் மின்னோட்டம். அதில் முனகலுக்கு இடமில்லை. ஆனால் அது தீர்ந்துபோகும். ஆல்கலைன் வகை 9 வோல்ட்டு பாட்டரி ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் கொண்டது. 10 மில்லி ஆம்பியர் உண்ணும் எளிய பெடலை அது 50 மணி நேரம் வரை ஓட்டும். இக்காலத்து டிஜிட்டல் பெடல் ஒன்று 250 மில்லி ஆம்பியர் கேட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கச்சேரி பாதியில் நின்றுவிடும். ஆகவே சுவர் மின்சாரத்திலிருந்து 9 வோல்ட்டு தரும் அடாப்டரை நாடவேண்டியதாயிற்று. ஜப்பானின் போஸ் நிறுவனம் 1977இல் சிறிய, ஒரே அளவுள்ள பெடல்களை வெளியிடத் தொடங்கியது. அதன்பின் ஒரு கலைஞர் நான்கைந்து பெடல்களை வரிசையாக வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அத்தனைக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் ஊட்டும் பழக்கமும் வந்தது.

தமிழ் இசைக்கு வந்த விருந்தாளி

தமிழ்த் திரையிசையில் தாழ்ந்த சுரங்களை முன்னர் டபிள் பாஸ் இசைத்து வந்தது. பின்னர் பாஸ் கிதார் அதனோடு சேர்ந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியே இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமானார். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். முறையாகக் கிதார் பயின்றவர். அவருடைய பாடல்களில் பாஸ் கிதார் தாளத்திற்குத் துணையாக மட்டும் நில்லாமல், பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனியே நடை போட்டது. அவருடைய குழுவில் நெடுங்காலம் பாஸ் வாசித்தவர் சசிதரன்.

இதன் விளைவை எளிதில் உணரலாம். அப்பாடல்களைத் திருவிழா மேடையில் பாடவேண்டுமெனில், பாஸ் நடையை விட்டுவிட முடியாது; விட்டால் பாட்டு வெறுமையாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடத்திற்கென்று உருவான ஓசையை, கோயில் வாசலில் பந்தல் போட்டுக் கட்டிய மேடையில் எழுப்பவேண்டிய பொறுப்பு மெல்லிசைக் குழுக்களின் மேல் விழுந்தது. கூடத்தில் மின்சாரம் சீராக இருக்கும். திருவிழா மேடையிலோ?

மின்சாரம் பாடும் சுருதி

சென்னை மாகாணத்தின் நீர்மின் நிலையங்களில் பைகாரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ், இவ்வட்டாரத்தின் நூற்பாலைத் தொழிலுக்கு வித்திட்டது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளால் பெயர் பெற்றது. இவ்வாறு மின்மோட்டார்களோடு கூடி வளர்ந்த வட்டாரம் இது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகின்றது. அடாப்டரில் முதலில் மின்மாற்றி இதன் அழுத்தத்தைக் குறைக்கின்றது. பின்னர் டயோடுகளால் ஆன அலைதிருத்தி, எதிர்த்திசை அரையலையையும் நேராக மடக்குகின்றது. மடக்கியபின் நொடிக்கு 100 மேடுகள் உண்டாகின்றன. அந்த மேடு பள்ளங்களை மின்தேக்கி நிரவுகின்றது. நிரவல் போதாவிட்டால், மிச்சமுள்ள மேடுகள் 100 ஹெர்ட்ஸ் முனகலாகப் பெடலின் வழியே ஒலிபெருக்கியை அடைகின்றன.

இப்போது நாம் நினைவில் வைத்த எண்ணைப் பார்ப்போம். பாஸ் கிதாரின் மெல்லிய தந்தி 98 ஹெர்ட்ஸ். முனகல் 100 ஹெர்ட்ஸ். இரண்டிற்கும் உள்ள இடைவெளி ஓர் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கே. கச்சேரியில் தம்புரா மீட்டுவது சுருதிக்காக. அதைப் பாடகரின் சுருதியோடு கூட்டிக்கொள்ளலாம். மின்முனகலும் ஒரு தம்புராதான். ஆனால் யாரும் அழைக்காமல் வந்து, யாருடைய சுருதிக்கும் கட்டுப்படாமல், பாஸின் குரல் எல்லைக்குள்ளேயே அமர்ந்துகொள்ளும் தம்புரா அது. மெல்லிய தந்தியை மீட்டினால், இரண்டு ஓசைகளும் மோதி நொடிக்கு இருமுறை ஏறி இறங்கும் விம்மல் உண்டாகும்.

புல்லாங்குழலுக்கோ வயலினுக்கோ மைக்கில் இத்தகைய முனகல் வந்தால், ஒலிக்கலவை மேசையில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டி நீக்கிவிடலாம். பாஸுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. முனகலை வெட்டினால் பாஸும் சேர்ந்து வெட்டுப்படும். பாஸ் கிதாருக்கு மட்டும் மின்வழங்கி இவ்வளவு முக்கியமாவதன் காரணம் இதுவே.

இந்தத் தம்புராவின் சுருதி எப்போதும் ஒரே நிலையில் நின்றதும் இல்லை. 1990களில் தென்மண்டல மின்கட்டத்தில் தேவை மிகுந்தபோது அதிர்வெண் 49 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியதுண்டு. சரியாக 49 ஹெர்ட்ஸில் முனகல் 98 ஹெர்ட்ஸாகி, மெல்லிய தந்தியோடு அச்சாகப் பொருந்திவிடும்! 2003இல் தென்மண்டலத்தில் மின்கட்டணக் கணக்கீட்டு முறை மாற்றப்பட்டது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டம் நாட்டின் ஏனைய கட்டங்களோடு இணைக்கப்பட்டது. இப்போது அதிர்வெண் 50ஐ ஒட்டியே நிற்கின்றது.

மாலை நேரத்துக் கணக்கு

பிற்பகலில் இல்லாத முனகல் இரவில் வந்தது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். இதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும்.

எளிய அடாப்டரின் மின்மாற்றி, 230 வோல்ட்டு உள்ளே வரும்போது 9 வோல்ட்டு மாறுதிசை மின்னழுத்தம் தருகிறது என்று கொள்வோம். அதன் உச்ச மதிப்பு 9 x 1.414, அதாவது 12.7 வோல்ட்டு. டயோடுகள் 1.4 வோல்ட்டை விழுங்கிவிட, எஞ்சுவது 11.3. இதிலிருந்து 9 வோல்ட்டை அளந்து தருவது சீராக்கி என்னும் சிறு சில்லு. 1970களில் பரவிய 7809 என்ற வகைச் சில்லுக்கு, தான் தரும் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 2 வோல்ட்டு மிகுதியாக உள்ளே வரவேண்டும். 11.3 வந்தால் அது தன் வேலையைச் செம்மையாகச் செய்யும்.

இரவில் ஊரெங்கும் விளக்குகளும் விசிறிகளும் ஓடுகின்றன. மேடைக்கும் தெரு விளக்குகளுக்கும் ஒரே கம்பியில் இணைப்பு. அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்குகிறது. இப்போது உச்ச மதிப்பு 9.96; டயோடுகள் போக 8.56. ஒன்பதே வராதபோது சில்லு எதைச் சீராக்கும்? மேடு பள்ளங்கள் அப்படியே வெளியே செல்கின்றன. முனகல் பிறக்கின்றது. பெடலின் மேல் குற்றமில்லை; கிதாரின் மேலும் குற்றமில்லை. அருகில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கினால், அது தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், கணநேரத்திற்கு அழுத்தம் மேலும் சரியும்.

இக்காலத்து ‘ஸ்விட்சிங்’ வகை மின்வழங்கிகளில் பல, 100 முதல் 240 வோல்ட்டு வரை எது வந்தாலும் ஏற்கும் தன்மையுடையவை. ஆகவே தாழ்ந்த அழுத்தம் அவற்றைப் பாதிப்பதில்லை. ஆனால் தரம் குறைந்தவற்றில் கீச்சென்ற மெல்லிய ஓசை எழுவதுண்டு. டிஜிட்டல் பெடலும் ஃபஸ் பெடலும் ஒரே கிளைக்கம்பியில் இருந்தால் அது மிகும்.

உயிரோடு விளையாடலாகாது

முனகலை நிறுத்தச் சிலர் செய்யும் ஒரு காரியம் மிகவும் கொடியது. மூன்று முள் பிளக்கில் உள்ள எர்த் முள்ளைக் கழற்றிவிடுவர், அல்லது அக்கம்பியை வெட்டிவிடுவர். முனகல் நின்றுவிடவும் கூடும். இரண்டு கருவிகளின் எர்த் கம்பிகள் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் மின்னோட்டம் சுற்றுவதால் உண்டாகும் முனகல் அது. ஆனால் வளையத்தை வெட்டும்போது காப்பையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம்.

பெடலில் இருப்பது 9 வோல்ட்டுதானே என்று எண்ணலாகாது. கிதாரின் தந்திகள், கேபிளின் வெளிவலை வழியாக ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. உள்ளே காப்புறை பழுதாகி 230 வோல்ட்டு அச்சட்டத்தைத் தொட்டால், எர்த் இருக்குமாயின் மின்னோட்டம் மண்ணுக்குள் பாய்ந்து ஃபியூஸ் எரிந்துபோகும். எர்த் இல்லையேல் தந்திகளில் 230 வோல்ட்டு காத்திருக்கும். வாசிப்பவர் மைக்கைத் தொட்ட கணமே அவர் உடல் வழியாக மின்சாரம் பாயும். 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் இழந்தார்.

முனகல் வளையத்தை வெட்ட முறையான வழி உண்டு. கிதாருக்கும் கலவை மேசைக்கும் இடையே ‘டி.ஐ. பாக்ஸ்’ என்னும் பெட்டியை வைத்து, அதில் உள்ள விசையால் குறிக்கம்பியின் தரை இணைப்பை மட்டும் விலக்கலாம். மின் எர்த் தன் இடத்திலேயே இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து, பெடல் வாங்க விரும்பும் இளைஞர் அறியவேண்டியவை சில.

முதலாவது, மின்வழங்கி. ஒவ்வொரு பெடலின் அடியிலும் அல்லது குறிப்பேட்டிலும் அது கேட்கும் வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் குறிக்கப்பட்டிருக்கும். வோல்ட்டு மாறக்கூடாது. ஆம்பியர் குறையக்கூடாது, மிகுந்தால் தீங்கில்லை, பெடல் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். எல்லாப் பெடல்களின் தேவையையும் கூட்டி, அதற்குமேல் மூன்றில் ஒரு பங்காவது மிகுதியாக உள்ள வழங்கியைத் தேர்க. உள்வரும் அழுத்தம் 100-240 என்று குறித்திருந்தால் நம் ஊர் மாலைப் பொழுதுக்கு அது ஏற்றது. ஒவ்வொரு வெளிவாயும் தனித்தனியே பிரிக்கப்பட்ட வகை விலை கூடியது. இயலுமாயின் அதுவே நன்று.

இரண்டாவது, முனைகள். பெரும்பாலான பெடல்களில் பிளக்கின் நடுமுனை எதிர்மின். வெளி உறை நேர்மின். வீட்டிலுள்ள வேறு கருவிகளின் அடாப்டர்கள் பலவற்றில் இது தலைகீழ். மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய பாணி ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் நேர்முனையே தரையாக அமைந்திருக்கும். அவற்றை ஏனைய பெடல்களோடு ஒரே கிளைக்கம்பியில் இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். மேலும், ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகும். சித்திரை வெயிலில் அதன் ஓசை மாறிப்போவதில் வியப்பில்லை. நமக்குச் சிலிக்கான் வகையே ஏற்றது.

மூன்றாவதாகவே பெடல். முதலில் வாங்கத்தக்கது கம்ப்ரஸர். வலிந்து மீட்டிய சுரத்தையும் மெலிந்து மீட்டிய சுரத்தையும் அது ஒரு சமநிலைக்குக் கொண்டுவரும். அடுத்தது ஓவர்டிரைவ் அல்லது ஃபஸ். சாதாரணக் கிதாருக்கென்று செய்தவற்றுள் பல தாழ்ந்த சுரங்களை வடிகட்டிவிடுகின்றன. ஆகவே மாற்றப்படாத மூல ஓசையையும் ஓரளவு கலந்து தரும் குமிழ் உள்ள பெடலே பாஸுக்கு உரியது. போஸ் நிறுவனம் 1994இல் பாஸுக்கென்று வெளியிட்ட ஓ.டி.பி.-3 இத்தகையது. கோரஸ் முதலியன பின்னர் வரட்டும்.

அந்த மேடைக்கு மீண்டும் வருவோம். பாஸ் வாசிப்பவர் அடாப்டரைக் கழற்றிவிட்டு, பெடலில் ஒரு புதிய 9 வோல்ட்டு பாட்டரியைப் பொருத்திப் பார்க்கிறார். முனகல் நின்றுவிடுகிறது. குற்றவாளி யார் என்பது தெளிவாகிவிட்டது. ஐந்து ரூபாய்ச் செலவும் இன்றிச் சிந்தனையால் கண்டறியத்தக்க உண்மை இது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தெருமுனையில் உள்ள மின்மாற்றி ரீங்கரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதன் வேலிக்கு வெளியே பாதுகாப்பாகத் தள்ளி நின்று, கைப்பேசியில் உள்ள கிதார் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வையுங்கள். முள் ‘ஜி’ என்ற சுரத்தைச் சற்றே தாண்டி நின்றால், பாபநாசத்திலும் மேட்டூரிலும் சுழலும் மின்னாக்கிகளின் குரலையே நீங்கள் கேட்கிறீர்கள் என்று அறிந்துகொள்க. அந்தக் குரல் மேடையில் பாஸோடு சேர்ந்து பாடாமல் காப்பதே நல்ல மின்வழங்கியின் வேலை.